ஸ்டீரிங் கனத்தால் குற்றவாளி யார்?



கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். தாப்பாவில் ஏறத் தொடங்கினால் ரிங்லெட் சேர்வதற்குள் எத்தனை வளைவுகள்! 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் சடக்கு இன்னும் சுருங்கிவிடும். எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போய் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஸ்டீரிங் கல்லாய்க் கனத்து, மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலைச் சரிவு, பின் சீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்.

2005-இல் வந்த பெரோடுவா மைவி முதற்கொண்டு சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது மின்சார ஸ்டீரிங். பழைய காரில் எண்ணெய் பம்ப் செய்த வேலையை இதில் ஒரு மோட்டார் செய்கிறது. அது மக்கர் செய்தால் பட்டறையில் முதலில் கிடைக்கும் பதில் என்ன? "ஐயா, முழு செட்டையும் மாத்தணும்." தோட்டத்தில் வேலை செய்து, பழைய காரைக் கடனில் வாங்கிய குடும்பத்துக்கு அது சின்னச் செலவா? மாற்றிய பிறகும் அதே விளக்கு எரிந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

இந்த ஏற்பாட்டில் இருப்பவை கொஞ்சம்தான். ஸ்டீரிங் தண்டுக்குள் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று. ஓட்டுபவர் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கியது என்று ஒரு சென்சார் அளந்து சொல்லும். கார் போகும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும். எங்கேயாவது கணக்கு உதைத்தால் பெட்டி மோட்டாரை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடும். ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். கார் திரும்பும், கைதான் வலிக்கும்.

ஆகவே முதலில் கூண்டில் ஏற்ற வேண்டியது மோட்டாரையோ சென்சாரையோ அல்ல. அவற்றுக்கு மின்சாரம் போய்ச் சேரும் வழியை!

"லைட்டு நல்லா எரியுது, ஹாரன் அடிக்குது, பேட்டரிக்கு ஒண்ணும் இல்லை" என்பார்கள். இங்கேதான் ஏமாற்றம். முன்விளக்கு ஒன்று இழுப்பது 5 ஆம்பியர்கூட இல்லை. நின்ற இடத்தில் சக்கரத்தை முழுக்கத் திருப்பினால் ஸ்டீரிங் மோட்டார் 40, 60 ஆம்பியர் வரை இழுக்கும். எர்த் வயர் போல்ட்டில் துரு ஏறி 0.05 ஓம் தடை உண்டானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியரில் கால் வோல்ட்தான் குறையும், விளக்கு மங்காது. 60 ஆம்பியரில் 3 வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். கட்டுப்பாட்டுப் பெட்டி பட்டினி கிடந்து படுத்துவிடும்.

கேமரன் மலையில் இது அதிகம் வெளிப்படக் காரணம் உண்டு. 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் தானா ராத்தாவில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் பஞ்சமில்லை. ஈரம் புகுந்த இணைப்பில் செம்பு பச்சைக் களிம்பு பூத்துவிடும். உரமூட்டை ஏற்றுகிற வண்டியென்றால் இன்னும் மோசம், அமோனியா உப்புகள் செம்பை அரிக்கும். எலிக்கோ கோசு மட்டுமல்ல, வயரும் பிடிக்கும். குறுகிய சடக்கில் ஒதுங்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் தருவதும் குறைவு. ஆனால் வைப்பர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஸ்டீரிங்குக்கோ அப்போதுதான் தேவை உச்சம். அதே காரை ஈப்போவில் நேர்ச் சாலையில் ஓட்டிப் பார்ப்பவர், "கோளாறே இல்லையே!" என்று திருப்பி அனுப்புவார். அவர் பொய் சொல்லவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் மோட்டாருக்கு வேலையே குறைவு.

சோதிப்பது எப்படி? ஓம் மீட்டர் இதில் உதவாது; இவ்வளவு சின்னத் தடையை அது பூஜ்யம் என்றே காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வையுங்கள். மறுமுனை, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் எர்த் வயரில். இன்னொருவர் ஸ்டீரிங்கை இரு பக்கமும் திருப்பட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 1 வோல்ட் காட்டினால் குற்றவாளி பிடிபட்டான்! பாசிட்டிவ் பக்கமும், பெரிய ஃபியூஸ் வழியாக, இதே சோதனைதான். மஞ்சள் உறை போட்ட வயர்களை மட்டும் தொட வேண்டாம். அவை ஏர்பேக் வயர்கள்.

கோளாறுக் குறியைப் படிக்கும் கருவியையும் நம்பலாம், அளவோடு. மலிவான கருவி எஞ்சின் குறிகளை மட்டுமே படிக்கும். ஸ்டீரிங் குறிகள் பெரும்பாலும் 'சி' என்ற எழுத்தில் தொடங்குபவை. 'முறுக்கு சென்சார்' என்று குறி வந்தாலும் சென்சார் செத்துவிட்டது என்று பொருளல்ல. அதன் இணைப்பு ஆடினாலும் அதே குறி வரலாம். எழுதி வைக்காமல் குறியை அழிப்பது தடயத்தை அழிப்பதற்குச் சமம்.

எதிரணியினர் கேட்கலாம், "பாகமே கெட்டுப்போவதில்லையா?" போகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2010 மார்ச்சிலும் 2014 மார்ச்சிலும் மின்சார ஸ்டீரிங் உதவி நின்றுபோகும் கோளாறுக்காக, ஒவ்வொரு முறையும் சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஒரு பக்கம் மட்டும் கனத்தாலோ, ஸ்டீரிங் தானே ஒரு பக்கம் இழுத்தாலோ சென்சார்மேல் சந்தேகம் நியாயமே. பலமுறை முழுக்கத் திருப்பிய பின் கனத்து, ஆறியதும் சரியானால் அது மோட்டார் சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வது. விளக்கே எரியாமல் கனத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள்!

இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் சிலருக்கு இன்னும் போகவில்லை. மிச்சமாவது இரண்டு வெள்ளிப் பெட்ரோல். போவது ஸ்டீரிங் உதவியும் பிரேக் உதவியும். ஓடும்போது விளக்கு எரிந்தால் பதறாமல் இரண்டு கைகளாலும் அழுத்தித் திருப்பி, வேகத்தைக் குறைத்து, அகலமான இடத்தில் நிறுத்துங்கள். நின்ற பிறகு அணைத்து மீண்டும் கிளப்பினால் விளக்கு மறையக்கூடும். மறைந்துவிட்டதே என்று மறுபடி மலை ஏற வேண்டாம்.

பட்டறைக்காரர் முழு செட்டையும் மாற்றச் சொன்னால், "அண்ணே, எர்த்ல எத்தனை வோல்ட் குறையுது?" என்று கேளுங்கள். அளந்தவர் எண்ணைச் சொல்வார். அளக்காதவர், அப்போதாவது மீட்டரை எடுப்பார்.