செத்த ஆட்டின் தோலும் பழைய கணினியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை செத்துக் கிடந்த ஆடு ஒன்றைக் கண்டார்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் விடுதலை செய்த பெண்மணிக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு அது. இதன் தோலையாவது பயன்படுத்தியிருக்கலாமே என்று வினவினார்கள். செத்த பிராணியாயிற்றே எனத் தோழர்கள் தயங்கியபோது, உண்பது மட்டுமே ஹராம் எனத் தெளிவுபடுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இச்சம்பவத்தை மதரஸாவில் ஓதிய காலத்தில் தோல் பதனிடும் சட்டத்திற்கு ஆதாரமாகவே நாம் படித்தோம். அது நமது மக்தபின் மாடியறை வரை வந்து நிற்கும் என்று அன்று எண்ணவில்லை.

அந்த அறையில் நன்கொடையாக வந்த 14 கணினிகள் தூசு படிந்து கிடந்தன. எடைக்குப் போட்டுவிடலாம் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. அத்தீர்மானத்திற்கு நாமும் தலையசைத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கணினி பழுதுபார்க்கும் நம் மஹல்லா இளைஞர் ஒருவர்தாம் ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

அவர் திறந்து பார்த்தபோது ஒன்பது கணினிகளில் பழுதென்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. விண்டோஸ் 10 மென்பொருளுக்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் புதிய ரக பிராசஸரையும் கேட்கிறது. ஆக, உயிரோடிருக்கும் இயந்திரத்திற்கு மய்யித் என்று பெயரிட்டு அடக்கம் செய்யவிருந்தோம்! இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் நிறுவப்பட்டது. ரேம் கூட்டப்பட்டது; ஹார்டு டிஸ்கிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தப்பட்டது. கடிகார நேரத்தைக் காக்கும் சிறு பேட்டரியும் மாற்றப்பட்டது. செலவு விவரம் இம்மலரின் வரவு செலவுப் பக்கத்தில் உள்ளது.

எடைக்குப் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? டெல்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத்திலும் மின்னணுக் கழிவை உடைத்துப் பிழைப்போர் ஏராளம். செம்புக்காக ஒயர்களை எரிக்கிறார்கள். தங்கத் துகளுக்காக போர்டுகளை அமிலத்தில் இடுகிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்போரில் நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் உண்டு. ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே.

இனி, நம்மை உறுத்திய விஷயம். ஒரு டிஸ்கில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் நிக்காஹ் புகைப்படங்களும் பாஸ்போர்ட் நகல்களும் இருந்தன. அந்த இளைஞர் முகம் வெளுத்து நம்மிடம் ஓடி வந்தார். அது அமானத், பார்க்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்றோம். கணினியில் ஒரு கோப்பை அழிப்பது, நூலகப் பட்டியலில் பெயரை அடிப்பதைப் போன்றதே. நூல் அலமாரியிலேயே இருக்கும். எனவே டிஸ்க் முழுவதும் வேறு தரவைப் பதித்து மூடினார். இயங்காத டிஸ்குகளைத் துளையிட்டார். (எஸ்.எஸ்.டி.க்கு இம்முறை போதாது. அதற்கெனத் தனி அழிப்புக் கட்டளை உண்டு.) கணினியை விற்கும் முன்னும் தானம் தரும் முன்னும் அவரவரே இதைச் செய்துவிடுவது கடமை. நம் வீட்டுப் பெண்களின் படங்கள் எவர் மேசையிலோ திறக்கப்படுவதை நம்மில் எவர் பொறுப்போம்?

செய்தி பரவியதும் சிலர் உடைந்த பிரிண்டர்களையும் பழைய குழாய்த் திரை மானிட்டர்களையும் பள்ளிவாசல் திண்ணையில் வைத்துச் சென்றனர். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. தமக்கே வேண்டாத மட்டப் பொருளை ஈவது பற்றி அல்பகரா சூராவில் வந்துள்ள எச்சரிக்கையை அன்னோர் ஓதிப் பார்க்கட்டும்.

ஒன்பதில் ஐந்து இப்போது மக்தபில் இயங்குகின்றன. பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சு பழகுகிறார்கள். நான்கு கணினிகள் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு இரவலாகத் தரப்பட்டுள்ளன. எஞ்சிய ஐந்திலிருந்து உதவும் பாகங்கள் எடுக்கப்பட்டன. மிச்சத்தை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி வாடகை தேவைப்படுகிறது. ஏற்க விரும்புவோர் மஃரிப் தொழுகைக்குப் பின் பொருளாளரைச் சந்திக்கலாம். வஸ்ஸலாம்.