பாதத்திற்கும் ஒரு மூடாக்கு
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கோடையில் வயல் வெடித்தால் உடனே கவனிக்கிறோம். குதிகால் வெடித்தால், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறோம். உழவரான என் தந்தையாரும் அப்படித்தான் இருந்தார். நீரிழிவு நோயால் அவர் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. வெடிப்பு புண்ணாகிச் சீழ் பிடித்ததை அவர் அறியவில்லை. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்தப் போகம் நடவே தவறிப் போயிற்று. ஆகவே இன்று பயிரை விட்டுப் பாதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பெட்ரோலியம் ஜெல்லியை நாம் வாசலின் என்கிறோம். 1859-ல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கச் சென்றார். அங்கே இறைப்புக் கருவியின் தண்டுகளில் படியும் மெழுகைத் தொழிலாளர்கள் காயங்களில் தடவுவதைக் கண்டார். அதைத் தூய்மைப்படுத்தி, 1872-ல் காப்புரிமை பெற்றார்.

இது தோலுக்கு நீர் தருவதில்லை. இருக்கும் நீரை ஆவியாகாமல் காக்கிறது. நாம் வயலில் இடும் மூடாக்கும் அவ்வாறே. காய்ந்த மண்ணில் மூடாக்கு இட்டு என்ன பயன்? நீர் பாய்ச்சியபின் இட்டால்தான் ஈரம் நிற்கும்.

செய்முறை வருமாறு:

1. இரவில் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் பாதங்களை ஊற வைத்து அழுக்கை நீக்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஊற வைக்காமல் கழுவினால் போதும்.

2. துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் காயுமுன் குதிகாலில் ஜெல்லியைத் தடவுங்கள்.

3. பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். நாள்தோறும் விடாமல் செய்யுங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு இதைத் தடவக் கூடாது. நீர் தேங்கிய வயலுக்கு வேண்டியது வடிகால், மூடாக்கு அன்று. அவ்விடத்தைக் கழுவி, உலர வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். தீப்பட்ட இடத்தில் முதலில் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். உடனே ஜெல்லி பூசினால் சூடு உள்ளேயே தங்கும். பூச்சிமருந்து தெளிக்கும்போது இது கையுறைக்கு ஈடாகாது. வண்டிக்கு இடும் கிரீஸைத் தோலில் தடவவே வேண்டாம்.

வெடிப்பில் வீக்கமோ சீழோ கண்டால் காத்திராமல் மருத்துவரை நாடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வலி இல்லாவிட்டாலும் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். என் தந்தையாரின் பாதத்தை அன்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.