ஊர் பில்லை யார் படிப்பது?

அவைத்தலைவர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, கடைசியில் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும் அந்த அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்!

யார் அந்த அண்ணன் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். பெயரைச் சொன்னால் இந்த நிமிடமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

'நம் ஊரும் மின்சாரமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் இப்படி, ஜெர்மனியில் அப்படி என்று ஒரு மணி நேரம் பேசலாம். நான் மேட்டுப்பாளையத்தைத் தாண்டப் போவதில்லை. அங்கிருந்து ஊட்டி ரோட்டைப் பிடித்தால், மலை ஏறுவதற்கு முன்னாலேயே ஓடந்துறை. காரமடை ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி. பேரூராட்சி என்று போர்டு மாட்டியிருக்கும் நம் ஊரைவிடச் சின்ன இடம். அந்தச் சின்ன இடம், 2006-ஆம் ஆண்டு, சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. ஊராட்சி வாங்கியது ஐயா! மில் முதலாளி அல்ல, சினிமாக்காரர் அல்ல, ஊராட்சி!

1996-இல் அங்கே தலைவராக வந்தவர் ஆர். சண்முகம். பவானி ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். தெருவுக்குத் தெரு விளக்குப் போட்டார்கள். எல்லாம் நல்ல காரியம். மாசக் கடைசியில் கரண்ட் பில் வந்தது. சில ஆயிரத்தில் இருந்த பில், நாலைந்து வருஷத்தில் ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. மற்ற ஊரில் என்ன செய்வார்கள்? பாக்கி வைப்பார்கள். "சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். அந்த மனிதர் பில்லை எடுத்துப் படித்தார். எந்த மோட்டார் எவ்வளவு இழுக்கிறது, எந்தத் தெரு எவ்வளவு எரிக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தார். அங்கேதான் ஐயா எல்லாம் ஆரம்பம்!

முதலில் மரத்துண்டுகளை எரித்து வாயு எடுத்து, அதில் தண்ணீர் மோட்டாரை ஓட்டினார்கள். பிறகுதான் காற்றாலை. 350 கிலோவாட். விலை ஒரு கோடியே 55 லட்சம். ஊராட்சி சேர்த்து வைத்த பணம் 40 லட்சம், மீதி பேங்க் கடன். ஓடந்துறையில் அதற்கேற்ற காற்று இல்லை. சும்மா இருந்தார்களா? உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து மோதுகிற இடத்தில் கொண்டுபோய் நட்டார்கள். அங்கே காற்றாலை சுற்றும், யூனிட் மின்வாரியக் கம்பியில் சேரும், இங்கே ஓடந்துறை மோட்டார் ஓடிய யூனிட்டில் அதைக் கழித்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய ஆறேமுக்கால் லட்சம் யூனிட். ஊருக்குத் தேவை நாலரை லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். கடனையும் கட்டினார்கள். கரண்டுக்குப் பணம் கொடுத்த ஊர், கரண்டுக்குப் பணம் வாங்கிய ஊர் ஆனது!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஓடந்துறைக்குக் கேட்கட்டும்.

இதை இங்கே சொன்னால் ஒருவருக்குப் பிடிக்காது. போன மாசம் இன்னொரு மேடையில், "சோலார், காற்றாலை எல்லாம் பணக்காரன் விளையாட்டு, நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று முழங்கியிருக்கிறார். பேர் வேண்டாம். அவர் தெருவழியாகப் போகிறவர்கள் கொஞ்சம் தலையைத் தூக்கி மாடியைப் பாருங்கள். சோலார் வெந்நீர்த் தொட்டி பளபளவென்று நிற்கிறது! அவர் குளிப்பதற்குச் சூரியன் வேண்டும், ஊர்த் தொட்டியில் தண்ணீர் ஏறுவதற்குச் சூரியன் வேண்டாமா? அவர் வீட்டுப் பில் குறைய வேண்டும், ஊர் பில் ஏற வேண்டுமா? இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன், நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். "காற்றை நம்பிக் கடன் வாங்கலாமா?" என்று கேட்டவர்களும் அவர் கூட்டத்தில் உண்டு. ஆனி, ஆடியில் நம் வீட்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டு போகிற காற்று ஐயா அது! வருஷம் தவறாமல் வருகிறது. தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் வருகிறவர்களை நம்பலாம், காற்றை நம்பக் கூடாதா?

சரி. கோபம் போதும். அந்த அண்ணனிடம் வருகிறேன்.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். பகலெல்லாம் கரண்ட் இல்லை. தறிச் சத்தம் நின்று ஊரே எழவு வீடு மாதிரி கிடந்தது. மும்முனை மின்சாரம் ராத்திரி எந்நேரம் வரும், எந்நேரம் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் காலையில் உங்கள் குழாயில் தண்ணீர் வந்ததே, எப்படி வந்தது? ஒரு மனிதர் மோட்டார் ரூமிலேயே படுத்துக் கிடந்தார். கரண்ட் வந்த சத்தம் கேட்டதும் எழுந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார். அவர் வீட்டில் அப்போது கைக்குழந்தை. இந்த ஊர் அவருக்கு ஒரு சால்வை போட்டதா? இதே மேடையில் எத்தனை பேருக்குச் சால்வை போட்டோம்!

அவர் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "ஐயா, தொட்டி நிறைஞ்சு வழியுதுன்னா அது தண்ணி மட்டும் வழியல, கரண்டும் வழியுது." எவ்வளவு பெரிய பேச்சு! ஆற்றிலிருந்து தொட்டி வரைக்கும் தண்ணீரைத் தூக்கியது மின்சாரம்தானே? திருகு போன தெருக்குழாய் ராத்திரி முழுக்க ஒழுகினால், அவ்வளவு தண்ணீரைத் தூக்க மோட்டார் ஓடியதும் வீண். காயில் போன மோட்டாரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மூன்று தரம், நாலு தரம் கட்டி ஓட்டுகிறோம். மோசமாகக் கட்டக் கட்ட அது கூடுதலாக இழுக்கும். இது அவருக்குத் தெரியும். எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதம் எந்த அலமாரியில் தூங்குகிறதோ!

பகலில் எரியும் தெருவிளக்கை நான் எத்தனை மேடையில் பேசுவது? மேட்டுத்தெருவில் பத்து மணி வெயிலில் விளக்கு எரிகிறது! ஒரு பழைய சோடியம் விளக்கு 250 வாட். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மூன்று யூனிட். அந்த இடத்தில் நூறு வாட் எல்.இ.டி. போட்டால் ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பகலில் அணைத்தால்? ஒரு பைசா செலவில்லை! காற்றாலை வேண்டாம், கடன் வேண்டாம், கை ஒன்று போதும். அந்தக் கை யாருடையது தெரியுமா? அது அவர் வேலையே அல்ல. தண்ணீர் திறந்துவிடப் போகிறவர், போகிற வழியில் பெட்டியைத் திறந்து சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார். அவர் போகாத தெருவில் விளக்கு மத்தியானம் வரைக்கும் எரிகிறது.

வீடுகளுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். 75 வாட் இழுக்கிற பழைய ஃபேனுக்குப் பதிலாக 30 வாட் ஃபேன் கடையில் கிடைக்கிறது. மாடியில் சோலார் போட, 2024-இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம். வசதி உள்ளவர்கள் போடுங்கள். ஆனால் ஊர்ப் பணத்தில் எரிவதைப் பற்றி நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் பிறந்து மலை இறங்கி வந்தது. அது வந்த பிறகுதான் கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில் எழுந்தது. அந்தக் காலத்திலேயே மின்சாரத்தால் பிழைத்த சீமை இது. அதை எண்ணிச் செலவழிக்கத் தெரியாதவர்கள் என்று நமக்குப் பேர் வரலாமா?

முன்வரிசையில் கவுன்சிலர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் காற்றாலை கேட்கவில்லை. அடுத்த பில் வந்த அன்றைக்கே அதைப் பேரூராட்சி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். தண்ணீருக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி ஒட்டுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அந்த அண்ணன் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் தேடி எடுத்து ஒட்டுங்கள். அடுத்த மாசம் இதே பந்தலில் இதே ஜனங்கள் கூடட்டும். அந்தப் பில்லை ஒரு கவுன்சிலர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். யார் படிக்கிறீர்கள் என்று இப்போதே, இந்த மைக்கிலேயே சொல்லுங்கள். சொன்ன பிறகுதான் நான் இறங்குவேன்.