ஆறுதலும் அவதியும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நூலுமன்று, ஒரு புலவருமன்று, ஒரு சொல். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாளும் பொழுதும் புழங்குகின்ற 'ஆறுதல்' என்ற சொல். வந்தவர் விடைபெற்றுப் படலையைத் திறக்கும்போது, "ஆறுதலாப் போட்டு வாங்கோ" என்கிறோம். கைமாற்று வாங்கியவர் திருப்பித் தர வழியின்றித் தயங்கி நின்றால், "அந்தரப்படாதையுங்கோ, ஆறுதலாத் தாங்கோ" என்கிறோம். அள்ளி விழுங்கும் பிள்ளையை, "ஆறுதலாச் சாப்பிடு மோனை" என்று தடுக்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டால் சற்று மயங்குவார்கள். அவர்கள் வழக்கில் ஆறுதல் என்பது இழப்புற்றவருக்குச் சொல்லப்படுவது, துயரைத் தணிப்பது. எங்கள் வழக்கில் அந்தப் பொருளும் உண்டு. 'அவசரமின்றி, மெதுவாக' என்ற பொருளும் உண்டு.

இதற்கு எதிரான சொல்லும் எங்களிடம் இருக்கிறது. அது 'அவதி'. "ஏன் இப்பிடி அவதிப்படுறாய்?" என்று ஒரு தாய் கேட்டால், ஏன் அவசரப்படுகிறாய் என்பதே பொருள். பொதுத் தமிழில் அவதி என்பது துன்பம். அச்சொல்லின் வடமொழி மூலத்துக்கு எல்லை, தவணை என்று பொருள். தவணை நெருங்கினால் அவசரம். அவசரம் மிகுந்தால் துன்பம். அகராதிகள் எவ்வாறு சொன்னாலும், நான் அதை அவ்வாறே விளங்கிக்கொள்கிறேன். ஆக, ஒரு சொல்லில் நிதானமும் மன அமைதியும் சேர்ந்து குடியிருக்கின்றன. மற்றச் சொல்லில் அவசரமும் துன்பமும் சேர்ந்திருக்கின்றன. எங்கள் முன்னோர் பேசிப் பேசி உருவாக்கிய வாழ்க்கை நோக்கு ஒன்று இந்த இரு சொற்களுள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதனை இப்போது பேச ஒரு காரணமும் உண்டு. 'மெதுவாக வாழ்தல்' என்பது இன்று உலகெங்கும் பேசப்படுகிற ஒரு கொள்கையாகிவிட்டது. அதன் தொடக்கங்களில் ஒன்று இத்தாலியில் இருக்கிறது. 1986இல் உரோமாபுரியின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு அருகே மக்டொனால்ட்ஸ் என்ற அமெரிக்கத் துரித உணவகம் திறக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பிலிருந்து கார்லோ பெற்றினி என்ற பத்திரிகையாளர் 'மெது உணவு' இயக்கத்தை வளர்த்தெடுத்தார். 1989இல் பாரிசில் அதன் பிரகடனம் வெளியாயிற்று. நத்தைதான் அதன் சின்னம். பின்னர் 1999இல் இத்தாலிய நகரத் தலைவர்கள் சிலர் கூடி 'மெது நகரம்' என்ற அமைப்பையும் உருவாக்கினர். ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் வாழாத ஊர்கள் மாத்திரமே அதில் சேரலாம். குடித்தொகையை மட்டும் பார்ப்பதானால் எங்கள் நாரந்தனை எப்போதோ தேறியிருக்கும்!

அந்த இயக்கத்தினர் உண்மையான ஓர் இழப்பைக் கண்டு எழுந்தவர்கள். ஆனால், எதையும் பண்டமாக்கிவிடும் இந்தக் காலம் நிதானத்தையும் பண்டமாக்கிவிட்டது. ஒரு மாதம் ஓர் உணவு முறை, மறுமாதம் வேறொன்று. ஒரு மாதம் வீட்டை வெறுமையாக்கு என்கிறார்கள். மறுமாதம் மண்சட்டி வாங்கு என்கிறார்கள். மெதுவாக வாழ்வது எப்படி என்பதை முப்பது வினாடிப் படமாகக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, விரலால் தள்ளி அடுத்த படத்துக்குப் போகிறோம். நிதானத்தைக் கற்பதிலும் அவதி!

தீவகத்தில், ஊர்காவற்றுறைக்கு அண்மையில் உள்ள நாரந்தனை என் ஊர். ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர்கள் பனங்கூடலையும் வெறிச்சோடிய ஒழுங்கைகளையும் பார்த்துவிட்டு, "இங்கை வாழ்க்கை எவ்வளவு ஆறுதலாய்ப் போகுது!" என்று வியக்கிறார்கள். அந்த வியப்பை நான் மதிக்கிறேன். எனினும் அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒழுங்கை வெறிச்சோடியிருப்பது மெதுவாக வாழ்வதால் அன்று. அங்கே வாழ்ந்தவர்கள் போய்விட்டதால். போர் தீவகத்துக்குள் வந்த 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊரவர் பெரும்பாலோர் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தோம். அங்கிருந்து பலர் கடல் கடந்தனர். திரும்பி வந்தவர்கள் சிலரே.

அந்தத் தொண்ணூறுகளில் குடாநாட்டு வாழ்க்கையும் மெதுவாகத்தான் போயிற்று. மின்சாரம் இல்லை. பெற்றோல் அரிது, எல்லாப் பயணமும் சைக்கிளில். வானொலிக்கு மின்கலம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டோம். சுழற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மங்கும். அந்த நாள்களை இனிமையாக நினைவுகூர்பவர்கள் உண்டு. ஆனால், அது நாங்கள் தெரிந்தெடுத்த நிதானம் அன்று. எங்கள்மேல் சுமத்தப்பட்ட தாமதம். 2022இல் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றவர்களிடம் போய், மெதுவாக வாழ்வது நல்லது என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கும்? காத்திருக்க வைக்கப்படுவது வேறு. ஆறுதலாக இருப்பது வேறு. முன்னதில் எங்கள் நேரம் பிறர் கையில் இருக்கிறது. பின்னதில் அது எங்கள் கையில் இருக்கிறது.

விரைவே கூடாது என்பதும் பொருளன்று. திருக்குறளில் 'வினைசெயல்வகை' அதிகாரத்தில் இதற்கு ஒரு தெளிவான விதி உண்டு. காலம் தாழ்த்திச் செய்யத் தக்கதைத் தாழ்த்தியே செய்ய வேண்டும். தாழ்த்தக்கூடாததைத் தாழ்த்தலாகாது என்பது அதன் கருத்து. வள்ளுவர் அங்கே ஆளும் 'தூங்குதல்' என்ற சொல்லுக்கு உறக்கம் என்று பொருள் கொள்ளும் மாணவர்கள் உண்டு. தாழ்த்துதல் என்பதே அங்கு பொருள். இந்த விதியைத் தீவகத்தாருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் போகவேண்டும். அங்கே விரைவே அறம். அந்தப் படகு எவ்வளவு வேகமாக வந்தாலும் போதாது.

அப்படியானால் தாழ்த்திச் செய்யத் தக்கது எது? பனையைப் பாருங்கள். பனம்விதையைப் பாத்தியில் அடுக்கினால் கிழங்கு பிடுங்கச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதே விதையை மரமாக்க விரும்பினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அது பூக்கும்வரை ஆண்பனையா பெண்பனையா என்பதுகூடத் தெரியாது. அந்தக் காலக்கணக்கோடு வாழ்ந்தவர்களுக்குச் சில காரியங்களை விரட்ட முடியாது என்பது பாடமாயிருந்தது. வேலியும் அப்படித்தான். ஓலை வேலி உக்கிப்போகும். மீண்டும் மீண்டும் அடைக்க வேண்டும். அடைக்கும் நாளில் இரு வளவாரும் வேலியின் இரு பக்கமும் நின்று கட்டுவார்கள், கட்டிக்கொண்டே கதைப்பார்கள். வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். அதனூடே கறிச்சட்டியும் செய்தியும் போய் வரும். இன்று பல வளவுகளுக்கு மதில் எழுந்துவிட்டது. மதிலுக்கு ஆண்டுதோறும் செலவில்லை, உழைப்பில்லை. அதனால் அயலாரோடு சேர்ந்து நிற்கும் அந்த ஒரு நாளும் இல்லை.

இவ்விடத்தில் நாங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய வாழ்க்கையைப் புகழும்போது, அது யாருக்கு ஆறுதலாக இருந்தது என்ற கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். பனையைப் பற்றி நாங்கள் அழகாகப் பேசுகிறோம்; காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கிய சீவற்றொழிலாளிக்கு என்ன ஆறுதல் இருந்தது? ஒடியற்கூழை எடுத்துக்கொள்ளுங்கள். கூழை அவதியாகக் குடிக்க முடியாது, நாக்கு வெந்துவிடும். முற்றத்தில் வட்டமாக இருந்து, பலாவிலையைக் கோலிப் பிடித்து, ஊதி ஊதிக் குடிக்கவேண்டும். 'மெது உணவு' இயக்கத்தார் கண்டால் தங்கள் கொடியை ஏற்றிவிடுவார்கள். ஆனால் கிழங்கைக் கிழித்துக் காயவைத்து, இடித்து, மாவை ஊறவிட்டுக் கசப்புப் போக்கி, மீனும் நண்டும் இறாலும் துப்புரவாக்கி, புகையடுப்பின் முன் நின்று துழாவியவர் யார்? எல்லோரும் குடித்து எழுந்த பின் கடைசியாகக் குந்தியவர் யார்? பலருடைய ஆறுதல், ஒருத்தியின் அவதியில் விளைந்தது. ஆகவே பழைய முறைக்குத் திரும்புவோம் என்று ஆண்கள் நாங்கள் சொல்வதானால், மத்தையும் அகப்பையையும் கையில் எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். என் மாணவர்களின் நாளைப் பார்க்கிறேன். விடிய முன்னர் ஒரு ரியூசன்; பாடசாலை; மாலையில் இன்னொரு ரியூசன்; இரவில் கைத்தொலைபேசி. நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் ஒரேயொரு செய்யுளை வாசிப்பது என் வழக்கம். முதலில் ஓசைக்காக, பின்னர் சொல்லுக்காக, அதன் பின்னரே பொருளுக்காக. வகுப்பில் ஒருவன் கட்டாயம் எழுந்து, "சேர், இது சோதனைக்கு வருமோ?" என்று கேட்பான். அவனில் பிழையில்லை, தவணையும் புள்ளியும் அவனை அப்படிப் பழக்கிவிட்டன. "வராது, ஆனால் உனக்கு எப்போதாவது வரும்" என்பேன். பத்து வரிச் சுருக்கக் குறிப்பில் ஒரு கவிதையின் கருத்தை அறியலாம். கவிதை தங்குவதற்கு வேண்டிய நேரத்தை எந்தச் சுருக்கமும் தராது.

என் ஊருக்கு அயலூரான கரம்பொனில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். உரோமாபுரியிலே படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய பின்னர், வடக்கன்குளத்திலே ஆசிரியராயிருந்த காலத்தில்தான் அவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். முப்பது வயதைத் தாண்டி, 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர், அடிப்படையிலிருந்து தமிழ் கற்க ஆண்டுக்கணக்கை ஒதுக்கினார். அந்த ஆண்டுகளை வீணென்று யார் சொல்வார்? 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' இதழும், 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் அந்த நிதானத்தின் மேல் எழுந்தவை. நிதானம் சோம்பல் அன்று என்பதற்கு எங்கள் தீவகத்திலேயே இப்படியொரு சான்று இருக்கிறது.

இனி, அந்தச் சொல்லின் இரண்டு பொருள்களுக்கும் வருகிறேன். மெதுவாக என்பதும் துயர் தணித்தல் என்பதும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன? புண் ஆறுகிறது; சினம் ஆறுகிறது; களைப்பு ஆறுகிறது; பசி ஆறுகிறது. மலேசியத் தமிழர் காலையுணவைப் 'பசியாறுதல்' என்றே சொல்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தைக் கேட்பவை. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்று பழமொழியும் சொல்லும். மனிதத் துயரும் அவ்வாறே. நேரம் கொடுக்காமல் எவருக்கும் ஆறுதல் கொடுக்க முடியாது.

எங்கள் ஊர்களில் இன்று முதியவர்கள் பலர் தனித்து வாழ்கிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும். அன்பில் குறைவில்லை, காசு வருகிறது, நாள்தோறும் தொலைபேசியில் முகமும் வருகிறது. தாய் ஒரு கதையைத் தொடங்குவாள்: கிணற்றடியில் விழப்பார்த்தது, முன்வீட்டார் வந்து போனது, பசு கன்று போட்டது. அங்கே வேலைக்குப் போகும் நேரம். "சரியம்மா, பிறகு எடுக்கிறன்" என்பார்கள். ஊருக்கு வந்தாலும் இரண்டு கிழமை. கோயில், கலியாணம், காணி அலுவல், கடைத்தெரு. பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய நேரத்தையும் இன்னொருவர் விலைக்கு வாங்கியிருக்கிறார். ஆனாலும், அந்தத் தாய்க்கு வேண்டியது புதிய குளிர்சாதனப்பெட்டி அன்று. அந்தக் கதை முடியும்வரை இருந்து கேட்கும் ஒருவர்.

மெதுவாக வாழ விரும்பும் நேயர்களே, அதற்கு மண்சட்டி வாங்க வேண்டாம். மலைநாட்டு விடுதியில் அறை எடுக்க வேண்டாம். நாளில் ஒரு காரியத்தை விரட்டாமல் செய்யுங்கள். அந்தக் காரியம் ஒரு மனிதரின் பேச்சைக் கேட்பதாயிருந்தால் மிகவும் நல்லது. கேட்கும்போது கைத்தொலைபேசியை மேசையில் வைக்காதீர்கள். வேறு அறையில் வையுங்கள். அவர் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் இடைமறிக்காதீர்கள். முதியவர்கள் மறந்துபோய்த் திரும்பச் சொல்வதில்லை, முதன்முறை நாங்கள் கேட்கவில்லை என்று கண்டே பல வேளைகளில் திரும்பச் சொல்கிறார்கள்.

எல்லோரும் ஆறுதலாக இருங்கோ.