மெல்லப் போவதற்கென்று ஒரு சைக்கிள்

சைக்கிள் என்றதும் நாம் கேட்பது, மிதிக்க லேசாக இருக்குமா, பாரம் தாங்குமா என்பதுதான். இந்த இரண்டு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லாத சைக்கிள் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் மெக்சிக வம்சாவளி மக்கள் வாழும் தெருக்களில் வளர்ந்த 'லோரைடர்' சைக்கிள் அது. தாழ்ந்த உடல், நீண்ட வாழைப்பழ சீட், தோளுக்கு உயர்ந்த ஹேண்டில்பார், கண் கூசும் குரோம். லோரைடர் கார் வாங்க முடியாத பையன்களின் ஆறுதல் பரிசு என்று இதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைத்திறம் என்று பார்த்தால் இது காருக்கு ஒரு படியும் குறைந்ததல்ல என்பது என் கட்சி.

காருக்கு மூப்பு உண்டு, மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் பழைய கார்களைத் தரையோடு தாழ்த்தி, விட்டியர் பெருஞ்சாலையில் ஊர்வலம்போல் மெல்ல ஓட்டினார்கள். சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் உடல் இறங்கக் கூடாது என்று 1958இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே ரான் அகீரே என்பவர், வேண்டியபோது ஏறவும் இறங்கவும் வல்ல ஹைட்ராலிக் அமைப்பைத் தம் காரில் பொருத்திவிட்டார். சைக்கிளின் கதை வேறு. 20 அங்குலச் சக்கரமுள்ள சிறு சைக்கிள்களில் உயர்ந்த ஹேண்டில்பாரையும் நீள சீட்டையும் கலிபோர்னியப் பையன்கள் தாங்களே மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்துத்தான் சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1963இல் 'ஸ்டிங்ரே' சைக்கிளைக் கொண்டுவந்தது. தெரு கற்றுக்கொடுத்தது, தொழிற்சாலை கற்றுக்கொண்டது. பிறகு அந்த ஸ்டிங்ரேயே லோரைடர் பட்டறைகளுக்கு மூலப்பொருளாக வந்து சேர்ந்தது.

இனி வேலைப்பாட்டுக்கு வருவோம். காரில் தகட்டுக்குப் பின்னால் எத்தனையோ குறைகளை மறைக்கலாம். சைக்கிளுக்கு மறைவிடமே இல்லை, ஒவ்வொரு பற்றவைப்பும் வெளியே தெரியும். ஃபிரேமின் குழாய்களுக்கு நடுவே தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி போட்டு, தேய்த்துத் தேய்த்து ஒரே வார்ப்புபோல் ஆக்க வேண்டும். அடுத்தது 'கேண்டி' வண்ணம். முதலில் வெள்ளி அல்லது பொன் நிறத்தில் அடிப்பூச்சு, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம் பல படலங்களாக, கடைசியில் நிறமற்ற மேற்பூச்சு. இதில் படலம் சேரச் சேர நிறம் அடர்ந்துகொண்டே போகும். தட்டையான கார்க் கதவில் சீராக அடிப்பதே கடினம். உருண்டையான மெல்லிய குழாயிலோ எல்லாப் பக்கமிருந்தும் அடித்தாக வேண்டும். பூச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடமெல்லாம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பொதுவாக 28 அல்லது 36 கம்பிகள் இருக்கும் சக்கரத்தில் இங்கே 144 கம்பிகள். ஃபிரேமில் அடைத்த தகட்டில் குவாதலூப்பே அன்னையோ அஸ்டெக் வீரனோ ஓவியமாக வருவதும் உண்டு.

முறுக்குக் கம்பி முதல் குரோம் பெடல்வரை கடையிலேயே கிடைக்கின்றனவே, வாங்கி மாட்டுவது கலையா என்று கேட்கலாம். மாட்டுவது மட்டும் கலையாகாது என்றே நானும் சொல்வேன். போட்டிகளில் ஃபிரேமின் வடிவத்தை எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சைக்கிள்களை வகை பிரிக்கிறார்கள், விலைச்சீட்டை வைத்தல்ல. ஓட்ட முடியாதது சைக்கிளா என்பது இதைவிடக் கனமான கேள்வி. பெடல் அவ்வளவு தாழ்ந்தால் திருப்பத்தில் தரையில் இடிக்கத்தான் செய்யும். ஆனால் 'தாழ்வாக, மெல்ல' என்பதே இந்தப் பண்பாட்டின் இலக்கணம். விரைந்து கடந்துபோக அல்ல, அக்கம்பக்கம் நின்று பார்க்கவே இந்த வண்டி தெருவுக்கு வருகிறது. சக்கரமே சுழலாமல் மேடையில் கண்ணாடிமேல் நிற்கும் சைக்கிள்களிடம் எனக்கு அத்தனை ஈடுபாடு இல்லை. 144 கம்பிகளும் வெயிலில் சுழலும்போதுதான் அவற்றைக் கோத்தவரின் கைத்திறன் முழுதாகத் தெரிகிறது.