ஒளி போகும் வழியில் சிந்துவது எவ்வளவு?

நமது சுவா வட்டாரத்தில் இன்று செம்பனை மிகுந்துவிட்டாலும், பால்மரம் வெட்டிப் பழகிய கைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. சீராக வெட்டிய கோட்டில் பால் நேரே மங்குக்கு இறங்கும். கோடு கரடுமுரடாக இருந்தால் பட்டையின்மேல் வழிந்துவிடும். மெல்ல ஒழுகினால் கோட்டிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகும். ஒளியும் ஏறக்குறைய இப்படித்தான். அது போகும் வழியில் எவ்வளவு இழக்கிறது என்று கணக்கிடுவது எப்படி? இன்று அதைப் பார்ப்போம்.

நம் வகுப்பில் ஒருநாள் இந்தக் கணக்கைக் கொடுத்தோம். 100 பங்கு ஒளி புறப்படுகிறது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 10 கிலோமீட்டர் முடிவில் மிஞ்சுவது எவ்வளவு? "ஒன்றுமில்லை ஐயா!" என்றனர் பெரும்பாலோர். பத்துப் பத்தாகக் கழித்துவிட்டார்கள். விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நாம் அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஒவ்வொரு படியாக எழுதச் சொன்னோம். 100, 90, 81, 72.9 என்று இறங்கி, பத்தாம் படியில் ஏறக்குறைய 35 நின்றது. பிள்ளைகள் வியந்து போனார்கள். இழப்பு என்பது கழித்தல் அன்று, பெருக்கல் என்பது அன்று விளங்கியது.

இப்படிப் பலமுறை பெருக்குவது சிரமம் அல்லவா? அதற்காக அறிஞர்கள் டெசிபல் என்ற அளவை வைத்துக்கொண்டார்கள். 3 டெசிபல் இழந்தால் ஏறக்குறைய பாதி மிஞ்சும். 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒன்று. 20 டெசிபல் இழந்தால் நூற்றில் ஒன்று. பெருக்கல் கூட்டலாகிவிட்டது.

1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பணியாற்றிய, ஷாங்காயில் பிறந்த சார்லஸ் காவ், கண்ணாடியிலுள்ள அழுக்குகளை நீக்கினால் இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவரலாம் என்றார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அதைச் செய்து காட்டினர். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய நல்ல கண்ணாடி இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவுதான். அன்று ஒரு கிலோமீட்டரில் இழந்ததை இன்று ஒளி 100 கிலோமீட்டர் ஓடித்தான் இழக்கிறது! 2010இல் நம் நாட்டில் தொடங்கிய யூனிஃபை சேவையும் இத்தகைய இழை வழியாகவே வீடுகளுக்கு வந்தது.

இழையை விட்டு, இனி விரல்நுனி அளவுள்ள சில்லுக்கு வருவோம். 1987இல் எலி யாப்லோனோவிச்சும், இந்திய வழியினரான சஜீவ் ஜானும் தனித்தனியே ஒரு கருத்தை வெளியிட்டனர். ஒரு பொருளின் அமைப்பை ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருமாறு செய்தால், குறிப்பிட்ட நிற ஒளி அதனுள் நுழைய முடியாது என்பதே அது. இதற்கு ஒளிப் படிகம் என்று பெயர். மிக மெல்லிய சிலிக்கன் தகட்டில் வரிசை வரிசையாக நுண்துளைகள் இட்டு, நடுவில் ஒரு வரிசையை மட்டும் துளையிடாமல் விட்டால், ஒளி அந்த வரிசை வழியே ஓடும். பால் ஓடும் கோடு போலத்தான்.

துளைகள் அனைத்தும் குறையின்றி அமைந்தால் வழியில் சிந்தாது. ஆனால் துளையின் விளிம்பு ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் நானோமீட்டரில் ஒன்றிரண்டு பிசகினாலும் ஒளி சிதறும். சிறிது மேலும் கீழும் வெளியேறும். சிறிது வந்த வழியே திரும்பும். ஒளி மெதுவாகச் சென்றால் இழப்பு மிகும். வேகம் பாதியானால், திரும்பும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

கணினி இதை எப்படிக் கணக்கிடுகிறது? முதலில் குறையற்ற வழியில் ஒளி பரவும் விதத்தைக் காண்கிறது. பிறகு ஒவ்வொரு பிசகும் சிதறடிக்கும் அளவைக் கூட்டுகிறது. பிசகுகள் ஒழுங்கின்றி வருவதால், பல மாதிரிகளுக்குச் செய்து சராசரி எடுக்கிறது. ஒரு சென்டிமீட்டரில் 2 டெசிபல் என்று விடை வந்தால் 63 விழுக்காடு மிஞ்சும். கண்ணாடி இழையில் அதே இழப்புக்குப் 10 கிலோமீட்டர் வேண்டும்! ஆனால் திரும்பிய ஒளி மீண்டும் மீண்டும் மோதும் நிலையில், இந்த எளிய கணக்குப் போதாது.

பெற்றோர்களே, பாலை நிறுத்து, உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை என்று பார்த்து எழுதிய காலத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த விழுக்காடு விளங்காதவர், எழுதியதை அப்படியே நம்ப வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைக்கு அந்த நிலை வர வேண்டாம். இன்றிரவு 0.9ஐப் பத்து முறை பெருக்கச் சொல்லுங்கள். விடையை மட்டும் கேளாதீர்கள். படிகளையும் காட்டச் சொல்லுங்கள்.