எஞ்சினுக்கு ஆலையில் அடித்த நிறம்



பழைய கார் ஒன்றை யாராவது புதுப்பித்து நிறுத்தியிருந்தால், அதன் பளபளக்கும் கதவுகளைப் பார்த்து வியப்பது எளிது. வேலையின் தரம் தெரிய வேண்டுமானால் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். எஞ்சின் என்ன நிறத்தில் இருக்கிறது, அந்த நிறம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். செய்தவர் எவ்வளவு படித்தார், எவ்வளவு பொறுத்தார் என்பது அங்கேதான் தெரியும்.

அமெரிக்கக் கார்களில் இது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. 1955-இல் வந்த ஷெவர்லே வி-8 எஞ்சினுக்கு ஆரஞ்சு நிறம். 1966-இல் வந்த கிரைஸ்லரின் 426 ஸ்ட்ரீட் ஹெமி எஞ்சினுக்கும் ஆரஞ்சுதான், ஆனால் அது வேறு ஆரஞ்சு. ஃபோர்டு மஸ்டாங் கதை இன்னும் சுவையானது. 1964 ஏப்ரலில் அறிமுகமான அந்தக் காரில் எஞ்சின் பிளாக் கறுப்பு. மேலே இருக்கும் வால்வு கவரும் ஏர் க்ளீனரும் மட்டும் எஞ்சினுக்கு எஞ்சின் நிறம் மாறும். சாதாரண 289 எஞ்சினுக்குப் பொன்னிறம். 1966 மாடலில் ஃபோர்டு தன் எஞ்சின்கள் எல்லாவற்றையும் ஒரே நீலத்துக்குக் கொண்டுவந்தது. அதனால் 1965 மஸ்டாங்கில் முழுக்க நீலமான எஞ்சினைக் கண்டால், கடையில் 'ஃபோர்டு நீலம்' என்று கேட்டு வாங்கி அடித்துவிட்டார்கள் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

ஆகவே முதல் வேலை, எஞ்சின் எது, எப்போது பிறந்தது என்று தெரிந்துகொள்வது. ஷெவர்லேயில் இது வார்ப்பிலேயே எழுதியிருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று. பிறகு நாள், ஆண்டு. வி-8 எஞ்சினின் முன்பக்கத்தில், வலது ஹெட்டுக்கு முன்னால், சின்னத் தட்டையான இடத்தில் இன்னொரு வரி குத்தியிருப்பார்கள். அதில் எஃப் என்றால் ஃபிளின்ட் ஆலை, டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை. காருக்கு உரிய எஞ்சின்தானா, இடையில் மாற்றியதா என்பதும் இதைக் கொண்டே துலங்கும். இதைப் படிக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

அடுத்தது, அந்தப் பழைய நிறத்தை எஞ்சினிலேயே தேடுவது. ஷெவர்லே ஆலையில் எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகுதான் பெயின்ட் அடித்தார்கள். ஆல்டர்னேட்டரும் அதன் ப்ராக்கெட்டும் அதற்கப்புறம் வந்து சேர்ந்தவை. அந்த ப்ராக்கெட்டைக் கழற்றினால், வெயிலும் வெப்பமும் எண்ணெயும் அதிகம் தொடாத ஆரஞ்சு அடியில் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. மேலே யாராவது பிறகு அடித்திருந்தால், நைஸான உப்புத்தாளை ஈரப்படுத்தி ஒரே இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். வெட்டிய மரத்தின் வளையங்கள்போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனியாகத் தெரியும். இரும்பை ஒட்டியிருக்கும் கடைசி வளையம்தான் நமக்கு வேண்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறத்தை அளக்கும் கருவி இப்போது பெயின்ட் கடைகளிலேயே இருக்கிறது. ஆனால் அது அளப்பது இன்றைய நிறத்தை. ஐம்பது அறுபது வருடச் சூட்டில் எனாமல் மங்கிப் பழுத்துப் போயிருந்தால், அந்தப் பழுப்பையும் சேர்த்தே அது அளந்து தரும். அக்காலத்து ஆரஞ்சு, மஞ்சள் பெயின்ட்களில் ஈயம் கலந்த நிறமிகள் பரவலாக இருந்தன. இன்று அவற்றைத் தவிர்த்துவிட்டு வேறு நிறமிகளைக் கொண்டு அதே சாயலைக் கொண்டுவருகிறார்கள். அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு ஆரஞ்சுகள், வெயிலில் வைத்தால் பிரிந்து நிற்கும். இரும்புத் துண்டில் அடித்துப் பார்த்து, சூடேற்றி ஆறவிட்டு, வெயிலில் பழைய பூச்சின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவரே என் மதிப்பில் தேர்ந்த கைகாரர்.

நிறம் பொருந்திவிட்டால் முடிந்ததா? இல்லை. பலர் தவறவிடுவது இதற்குப் பிறகுதான். ஆலையில் அந்த எஞ்சினுக்கு அலங்காரத்துக்காகப் பெயின்ட் அடிக்கவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க, வேகமாக, மெல்லிசாக அடித்து அனுப்பினார்கள். போல்ட் தலையிலும் கேஸ்கெட் ஓரத்திலும் அதே ஆரஞ்சு விழுந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் தெறித்தது. வண்டி ஓடத் தொடங்கியதும் அந்தத் தெறிப்பு எரிந்து போனது. கண்ணாடிபோல் மினுங்கும்படி நாலைந்து பூச்சு அடித்து, ஒவ்வொரு போல்ட்டையும் தனியாகக் குரோம் பூசி மாட்டிய எஞ்சின் அழகாக இருக்கலாம். ஆனால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததாக நான் ஏற்க மாட்டேன்.

ஷெவர்லேயின் கார்வெட் காரின் பிரியர்கள் 1974-இல் தொடங்கிய என்.சி.ஆர்.எஸ். சங்கம் இதில் கண்டிப்பானது. ஆலையை விட்டு வந்த அன்று கார் எப்படி இருந்திருக்கும் என்பதே அவர்களின் அளவுகோல். நூற்றுக்கு 94 மதிப்பெண் எடுத்தால்தான் அவர்களின் 'டாப் ஃபிளைட்' விருது. ஆலையைவிட மேலான வேலைக்கு அங்கே மதிப்பெண் கூடாது, குறையும். சிலருக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. முகம் தெரியாத ஒரு தொழிலாளி ஸ்ப்ரே கன்னை எப்படி வீசினார் என்பதுகூட அந்தக் காரின் வரலாறுதான். அதை நம் ரசனைக்காக மாற்றி எழுத நமக்கு உரிமை இல்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் ஷெட்டிலோ பழைய வண்டி எதுவாவது நின்றால், எஞ்சினைக் கழுவவோ மணல் வீசிச் சுத்தம் செய்யவோ அனுப்புவதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ப்ராக்கெட்டுகளைக் கழற்றி அடியில் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்காவது பழைய பூச்சு கிடைத்தால், அதைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவையுங்கள்.